எங்கள் உழைப்பையும் அனுபவம் என்று எழுதுங்கள்

தொழில்கடன் தேர்வுக் குழுக்களில் அமரும் அதிகாரிகளுக்கும், அந்தக் கடனைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் வங்கி மேலாளர்களுக்கும்,

நான் திருப்பூரில் ஓவர்லாக் டைலர், பனியன் துணிகளை மிஷினில் இணைத்துத் தைப்பவள். ஒரு சின்ன பவர்டேபிள், அதாவது கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் தையல் யூனிட், வைப்பதற்காக மானியத்துடன் கூடிய கடன் கேட்டு என் பெயரில் விண்ணப்பித்திருந்தேன். என்னோடு ஒரே லைனில் வேலை பார்க்கும் மூன்று பெண்கள் கூட நின்று உழைக்கச் சம்மதித்திருந்தார்கள். தேர்வுக் குழு என் பெயரைப் பரிந்துரைத்து வங்கிக்கு அனுப்பியது. வங்கிக் கிளை மறுத்துவிட்டது. எழுத்தில் ஒரு வரியும் தரவில்லை. நேரில் போய்க் கேட்டபோது மேலாளர் சொன்னது இதுதான்: "உங்களுக்குத் தொழில் அனுபவம் இல்லையேம்மா. வீட்டுக்குக் கூடுதல் வருமானம் வேணும்னா சொல்லுங்க, ஐம்பதாயிரம் போட்டுத் தரலாம்."

இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊர் மிஷினில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியிடம் அனுபவம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வர என்னால் முடியவில்லை. எனக்கு மட்டும் நடந்ததாக இருந்தால் அந்தக் கிளையோடு பேசி முடித்திருப்பேன். எங்கள் வீதியில் நான் அறிந்த பெண்களில், மனு போட்டவர்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் இதே பதில்தான் வந்திருக்கிறது. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர் மாவட்டம். அம்மா தீப்பெட்டி ஒட்டுவார். பத்தாவது முடித்த வருடம் மில் ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். கோவைப் பக்கம் ஒரு நூல் மில்லில் மூன்று வருடம் வேலை, தங்க இடம், சாப்பாடு, முடிவில் மொத்தமாக ஒரு தொகை என்றார். சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயர். எங்கள் ஊரிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் போனோம். ராத்திரி ஷிப்டில் பஞ்சுத் தூசிக்குள் நின்று அறுந்த நூலைச் சேர்த்துச் சேர்த்துச் சம்பாதித்த பணம் கல்யாணப் பணம் என்றே பேசப்பட்டது. அது என் சம்பளம் என்று யாரும் சொன்னதில்லை, எனக்கே அப்படித் தோன்றியதில்லை. கல்யாணம் ஆகித் திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தேன். டைலர் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுத்து, பிசிறு வெட்டி, சாப்பாட்டு நேரத்தில் அவர் மிஷினில் உட்கார்ந்து ஓட்டிப் பழகி டைலர் ஆனேன். அப்போதும் என் சம்பளம் வீட்டுக்காரருக்கு ஒத்தாசை என்றுதான் சொல்லப்பட்டது. வீட்டு வாடகையும் மகளின் பள்ளிக் கட்டணமும் அந்த ஒத்தாசையிலிருந்துதான் போயின.

இப்போது உங்கள் மேஜைக்கு வந்தால் அது கூடுதல் வருமானம் ஆகிவிடுகிறது. மில்லில் ஒரு பெயர், கம்பெனியில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர். எந்த இடத்திலும் அது என் தொழிலாக எண்ணப்படவில்லை. நான் ஏன் சொந்தமாகத் தொடங்க நினைக்கிறேன் என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். செய்த வேலை தன் பெயரில் நிற்க வேண்டும் என்ற ஆசை ஒரு மனுஷிக்கு வரக் கூடாதா?

மீதிக் காரணத்தைத் தேர்வுக் குழுவிலேயே சொன்னேன். ஒரு வருடம் தீபாவளிக்கு முன்னால் எங்கள் கான்ட்ராக்டர் கம்பெனியில் பில் பணத்தை வாங்கிக்கொண்டு, எங்களுக்குச் சம்பளமும் போனஸும் கொடுக்காமல் ஊரைவிட்டுப் போய்விட்டார். கம்பெனியைக் கேட்டால், "எங்க லேபர் இல்லை, கான்ட்ராக்ட் லேபர்" என்றார்கள். அந்த வாரம் முழுவதும் நாங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு டஜனுக்குக் கம்பெனி என்ன கொடுத்தது, எங்களுக்கு என்ன வந்தது, நூல், ஊசி, கரண்டு, வாடகை போக அவர் கையில் என்ன நின்றது என்று பழைய பில் துண்டுகளை வைத்துக் கூட்டிப் பார்த்தோம். ஒரு பவர்டேபிளை எப்படி நடத்துவது என்று நான் படித்தது அந்த வாரத்தில்தான்.

இதைக் கேட்ட குழு உறுப்பினர் ஒருவர், "இது கோபத்தில் எடுக்கிற முடிவு, கட்டாயத்தில் வருகிறவர்கள் நிலைக்க மாட்டார்கள், ஆர்வத்தில் வர வேண்டும்" என்றார். கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை. பயிற்சி வகுப்பிலும் இதையே சொல்கிறார்கள். வாய்ப்பைப் பார்த்துத் தொழிலுக்கு வருகிறவர் ஒரு வகை, வேறு வழியில்லாமல் வருகிறவர் இன்னொரு வகை என்று பலகையில் கோடு போட்டுப் பிரித்தார்கள். நான் எந்தப் பக்கம்? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான வரியை 50 சதவீதம் ஆக்கியதும் எங்கள் கம்பெனியில் ஆர்டர் நின்றது, ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் வாரத்துக்குச் சில நாள்தான் வேலை. அது கட்டாயம். அதே நேரத்தில் எங்கள் ஊர் மொத்த ஜவுளிச் சந்தையான காதர்பேட்டைக்குச் சரக்குப் போடும் ஒருவர், குழந்தைகள் டிரெஸ்ஸை ஒழுங்காகத் தைத்துக் கொடுக்க ஆள் இல்லை என்று எங்கள் வீதியில் விசாரித்துக்கொண்டிருந்தார். அது வாய்ப்பு. இரண்டும் ஒரே மாதத்தில் என் வீட்டு வாசலுக்கு வந்தன. கோபமும் இருந்தது, கணக்கும் இருந்தது. பட்ட அடி ஒரு மனிதரைத் தொழிலுக்குள் தள்ளினால் அதை ஏன் குறையாக எழுதுகிறீர்கள்? அந்த அடி படாதவருக்குச் சம்பள நாள் என்றால் என்னவென்று தெரியுமா? எங்களிடம் வேலை பார்க்கிறவருக்குச் சனிக்கிழமைச் சம்பளக் கவர் தவறாது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். தவறினால் வீட்டில் என்ன நடக்கும் என்பதைப் பார்த்தவள் நான்.

அந்தப் பயிற்சி வகுப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தரையில் ஒரு குச்சியை நட்டு, வளையத்தைக் கொடுத்து, அவரவர் விரும்பிய தூரத்தில் நின்று எறியச் சொன்னார்கள். ரொம்பப் பக்கத்தில் நின்றால் துணிச்சல் இல்லை, ரொம்பத் தூரம் போனால் கணக்கு இல்லை, நடுவில் நிற்கிறவரே தொழில்முனைவோர் என்று விளக்கினார்கள். எங்கள் நால்வரில் ஒருத்தி குச்சிக்குப் பக்கத்தில் நின்று எறிந்தாள். வீட்டுக்காரர் இறந்து, இரண்டு பிள்ளைகளோடு வார வட்டியைச் சமாளித்துக்கொண்டே குடும்பத்தை நிறுத்தியவள் அவள். பயிற்சியாளர், "உங்களுக்கு இடர் எடுக்கும் மனம் வளரணும்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்: "விழுந்தா எடுத்துக் குடுக்க ஆள் இருக்கிறவங்க தூரமா நின்னு எறிவாங்கக்கா."

வணிகவியல் படிக்கும் என் மகளிடம் இதைச் சொன்னேன். அந்த விளையாட்டு டேவிட் மெக்லெல்லண்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆராய்ச்சியிலிருந்து வந்தது என்று அவள் விளக்கினாள். சாதிக்க வேண்டும் என்ற உந்துதலைப் பயிற்சியால் வளர்க்க முடியும் என்பது அவர் கருத்து. 1960களில் ஆந்திராவின் காக்கிநாடாவைச் சேர்ந்தவர்களுக்கு ஐதராபாத்தில் அந்தப் பயிற்சியைக் கொடுத்து, அது பலன் தந்ததாக எழுதியிருக்கிறார். நல்ல கருத்துதான், தொழில் புத்தி பிறவியில் வருவது என்று சொல்வதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அந்தப் பயிற்சிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்கள். தங்களைத் தொழில் நடத்துகிறவர்களாக எண்ணிப் பழகியவர்களிடம் இன்னும் கொஞ்சம் முன்னே போங்கள் என்று சொல்வது ஒரு வேலை. வாழ்நாள் முழுக்க லேபர் என்று கூப்பிடப்பட்டவர்களிடம், இதை நீயும் நடத்தலாம் என்று சொல்வது வேறு வேலை. முதல் வேலைக்கான பாடத்தை வைத்துக்கொண்டு எங்களை அளக்கிறீர்கள்.

எங்களுக்குள் அந்த எண்ணம் எப்படி வந்தது என்பதை இந்த ஊரை வைத்தே சொல்லிவிடலாம். திருப்பூரில் இன்று கார் வைத்திருக்கும் முதலாளிகளில் பலர் ஒரு காலத்தில் கைமடியாகவும் கட்டிங் மாஸ்டராகவும் நின்றவர்கள். 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தைப் பெரியவர்கள் இப்போதும் பேசுவார்கள். அதற்குப் பிறகு கம்பெனிகள் வேலையைப் பிரித்துப் பிரித்து வெளியே கொடுத்ததில் நிட்டிங், தையல், காஜா பட்டன் என்று சின்னச் சின்ன யூனிட்டுகள் பெருகின. நேற்று வரை மிஷினில் இருந்தவர் இன்று நாலு மிஷின் போட்டார். "உழைச்சு மேல வந்தோம்" என்று அவர்கள் சொல்வது உண்மை, அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். அவர்களில் யாரிடமும் யாரும் அனுபவச் சான்றிதழ் கேட்கவில்லை. மிஷினில் இருந்ததே அனுபவம் என்று நூல் கடைக்காரர் கடன் கொடுத்தார், மாமன் மச்சான் பங்கு சேர்ந்தார்கள், பக்கத்துக் கிராமத்தில் இருந்த காட்டில், அதாவது விவசாய நிலத்தில், ஒரு துண்டை விற்றோ அடகு வைத்தோ முதல் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தன் லைனில் இருந்த ஒருவன் முதலாளி ஆனதைக் கண்ணால் பார்த்தார்கள். அவன் ஆனான் என்றால் நானும் ஆவேன் என்று ஓர் ஆணுக்குத் தோன்ற அது போதுமாக இருந்தது.

அதே லைனில், அதே வருடங்கள், பக்கத்து மிஷினில் நாங்களும் இருந்தோம். எங்களுக்கு விற்கக் காடு இல்லை. நூல் கடையில் எங்கள் பெயரில் கணக்கு இல்லை. மேலே வந்த பெண் என்று பார்க்க எங்கள் கம்பெனியில் யாரும் இல்லை. எங்கள் நால்வரில் ஒருத்தி அருந்ததியர் வீட்டுப் பெண். அவளிடம் ஆர்டர் கொடுக்கிறவர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்: "உன் பேர்ல வேண்டாம், மத்தவங்க பேர்ல போர்டு போட்டுக்கங்க." பட்டியலின, பழங்குடியினத் தொழில்முனைவோருக்காக 2023இல் தமிழக அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டத்தில் 35 சதவீத மானியம் இருக்கிறது. அது நல்ல திட்டம், அவள் தனியாக நிற்கும் நாளில் அவளுக்கு உதவும். ஆனால் அவள் பெயரைப் போர்டில் எழுதலாம் என்ற தைரியத்தைக் கொடுக்க வேண்டிய முதல் ஆட்கள் நீங்கள்.

தேர்வின்போது என்னிடம் கேட்ட கேள்விகளில் இரண்டு இவை. குடும்பத்தில் யாராவது தொழில் செய்கிறார்களா? வீட்டுக்காரர் என்ன செய்கிறார், அவர் கையெழுத்துப் போடுவாரா? 2024இல் கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை இப்போதைய வடிவில் ஏற்க முடியாது என்று தமிழக அரசு மறுத்தது. அப்பா செய்த தொழிலைப் பிள்ளையும் செய்கிறானா என்று பார்க்கக் கூடாது, யார் வேண்டுமானாலும் எந்தத் தொழிலும் செய்யலாம் என்பதுதான் சொன்ன காரணம். பிறகு கலைஞர் கைவினைத் திட்டத்தை அந்த நிபந்தனை இல்லாமல் கொண்டுவந்தது. எனக்கு அது சரியாகப் பட்டது. அப்படிச் சொன்ன மாநிலத்தில் இருந்துகொண்டு, குடும்பத்தில் யார் தொழில் செய்தார்கள் என்று கேட்டு என்னை எடை போட்டால் எப்படி? என் குடும்பத்தில் யாரும் தொழில் செய்யவில்லை. அம்மா தீப்பெட்டி ஒட்டினார் என்பதை நீங்கள் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

அனுபவத்துக்கு ஆதாரம் என்ன என்றும் கேட்டார்கள். கான்ட்ராக்டில் வேலை பார்த்தவர்களுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. பி.எஃப். பல வருடம் பிடிக்கவே இல்லை. என்னிடம் இருப்பது சனிக்கிழமைச் சம்பளக் கவர்கள். மேலே பேனாவில் ஷிப்ட் கணக்கு, பிடித்த அட்வான்ஸ், மீதி. அதைக் காட்டியபோது ஓரமாகத் தள்ளிவைத்தார்கள்.

என் கையில் இருக்கும் வேறு ஆதாரத்தைத் தாளில் காட்ட முடியாது. டி-சர்ட்டுக்கு நெக் ரிப் ஏற்றும்போது, துணியையும் ரிப்பையும் எந்த இடத்தில் எவ்வளவு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதைக் கைதான் சொல்லும். கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டால் ஒரு தடவை துவைத்ததும் கழுத்து அலையடிக்கும், மொத்தப் பண்டலும் திரும்பி வரும். ஊசி முனை மழுங்கினால் மிஷின் சத்தம் மாறும். அதைக் கேட்டு நிறுத்தவில்லை என்றால் துணியில் ஓட்டை விழும், அதைச் செக்கிங்கில்தான் கண்டுபிடிப்பார்கள், அதற்குள் நூறு பீஸ் போயிருக்கும். எந்த டைலரைத் தோள் ஜாயின்டில் உட்கார வைப்பது, யாரைப் பேட்லாக் என்ற மடிப்புத் தையல் மிஷினில் பாட்டம் மடிக்க விடுவது, எங்கே பண்டல் தேங்கும் என்பது எனக்குத் தெரியும். பேட்ச் முடிந்ததா என்று கேட்டுக் கத்துகிற சூப்பர்வைசர்கள் பலர் இதையெல்லாம் எங்களிடம் கேட்டுத்தான் லைனைப் பிரித்தார்கள். இதற்குத் தொழில் அனுபவம் என்று பெயர் இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயர்?

விதிகளையும் படித்துப் பார்த்தேன். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், உற்பத்தித் தொழிலுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டமாக இருந்தால்தான் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கிறார்கள். அதற்குக் கீழே படிப்பே தேவையில்லை. பெண்களுக்கு நகரத்தில் 25 சதவீதமும் கிராமத்தில் 35 சதவீதமும் மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம். விதியை எழுதியவர்கள் எங்களைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே சொல்லிவிட்டது. என் திட்ட மதிப்பு 7 லட்சம். என்னிடம் வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

ஐம்பதாயிரம் தரலாம் என்றார்களே, அது மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் மிகச் சிறிய வகையான சிசுக் கடன். முத்ராக் கணக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு பெண்களுடையவை என்று அரசு பெருமையாகச் சொல்கிறது. அந்தப் பணத்தில் ஓர் ஓவர்லாக் மிஷின் வாங்கலாம். பேட்லாக் மிஷின், சிங்கர் மிஷின், டேபிள், கரண்டு டெபாசிட், முதல் பில் வரும்வரை நாலு பேருக்குச் சம்பளம் எல்லாம் எங்கிருந்து வரும்? ஒரு மிஷினை வாங்கி வீட்டில் போட்டால் நான் மறுபடியும் இன்னொருவரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டைலர்தான். கையில் கடனும் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பெண் என்றால் சின்னக் கடன் என்று நீங்களே முடிவு செய்துவிடுவதால்தான் பெண்கள் வீட்டுத் திண்ணையிலேயே நிற்கிறார்கள்.

உங்களிடம் கேட்பவை இவை.

கம்பெனியில் வேலை பார்த்த வருடங்களைத் தொழில் அனுபவமாக விண்ணப்பத்தில் எழுத இடம் கொடுங்கள், அதற்கு மதிப்பெண்ணும் கொடுங்கள். சம்பளக் கவர், இ.எஸ்.ஐ. எண், கூட வேலை பார்த்தவர்களின் உறுதிமொழி, வேலையிலேயே கற்ற திறனுக்குத் திறன் பயிற்சித் திட்டத்தில் கொடுக்கும் முன்கற்றல் அங்கீகாரச் சான்றிதழ், இவற்றில் எது இருந்தாலும் ஆதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அப்படியும் சந்தேகம் வந்தால் ஒரு மிஷினைப் போட்டு உட்கார வையுங்கள். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

குடும்பத் தொழில் பற்றிய கேள்வியை எடுத்துவிடுங்கள். ஆணிடம் மனைவியின் கையெழுத்தைக் கேட்காதபோது பெண்ணிடம் கணவரின் கையெழுத்தைக் கேட்காதீர்கள்.

விதியை மீறிப் பத்திரம் கேட்கும் கிளைகளை மேலிடம் கண்டிக்க வேண்டும். கடனை மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி சொல்கிறது. அதை எங்களுக்கும் செய்யுங்கள். திட்ட அறிக்கையில் கேட்ட தொகையைக் குறைத்தால் எந்தச் செலவு தேவையில்லை என்று பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

பயிற்சி வகுப்புகளை ஞாயிற்றுக்கிழமைகளில் வையுங்கள். வார நாளில் வைத்தால் எங்களுக்கு ஷிப்ட் போகிறது. அதில் ஒரு நாளாவது மிஷினிலிருந்து எழுந்து சொந்த யூனிட் போட்ட ஒரு பெண்ணைப் பேச வையுங்கள். அவர்கள் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள், தேடிப் பிடியுங்கள். தேர்வுக் குழுவிலும் அவர்களில் ஒருவருக்கு நாற்காலி போடுங்கள்.

என் விண்ணப்பத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். இந்த நிதியாண்டு முடிவதற்குள் ஆம் என்றோ இல்லை என்றோ கையெழுத்திட்ட பதில் வேண்டும். காதர்பேட்டை ஆர்டரைச் சித்திரை வரைக்கும்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஓவர்லாக் டைலர்,
திருப்பூர்.